சக்கை

ஆட்டோவின் பின்சீட்டில் வந்து இறங்குகிறது வாளி,
வியாசர்பாடியிலிருந்து, வாயில் வெள்ளைத்துணி கட்டி.
சோயாப் பால் பிழிந்தபின் மிஞ்சியது.
இத்தனை நாள் முல்லை நகர் மாடுகள் தின்றன.
மாட்டுக்காரர் மகள் கல்யாணம், ஆள் இல்லை.
"கொட்ட மனசு வரல, வச்சுக்கயேன்" என்றான் தனகோட்டி.
"மத்தியானத்துக்குள்ள புளிச்சிடும், பாத்துக்க."

காசிமேட்டில் விசைப்படகுகள்
தோளோடு தோள் உரசிக் கிடக்கின்றன.
தடைக்காலம் இன்னும் நாற்பத்தொரு நாள்.
என் தள்ளுவண்டிப் பலகையில் மட்டும்
'டெல்பின் மீன் கட்லட்' என்று
ஒரு வஞ்சிரம் வாலைத் தூக்கிக்கொண்டிருக்கிறது.

முதல் நாள் எண்ணெயில் விட்டதும்
தடியடிக்குக் கலைந்த கூட்டம் மாதிரி
சட்டி முழுக்க ஆளுக்கொரு பக்கம் ஓடியது சக்கை.
முட்டை ஊத்து என்றாள் பக்கத்து வண்டி மரகதவல்லி.
முட்டை விற்கிற விலைக்கு
முட்டையையே அவித்து விற்றுவிடலாம்.

மறுநாள் துணியில் போட்டு முறுக்கினேன்,
ஈரப் போர்வையைப் பிழிகிற மாதிரி, மணிக்கட்டு நோக.
அப்புறம் வெறும் சட்டியில் வறுத்தேன்,
பச்சை வாசனை செத்து
வேர்க்கடலை வாசம் ஏறும்வரை.
ஊறவைத்த அவல் ஒரு கை. கடலை மாவு ஒன்றரைக் கை.
சோம்பு, இஞ்சி, பொடியாய் அரிந்த வெங்காயம்,
மீனுக்குப் போடும் அதே மிளகாய்.
என் கைக்கு வேறு மசாலா தெரியாது.
உள்ளங்கையில் தட்டும்போதே தெரிந்தது
இது நிற்கும்.

நின்றது.

பலகையை என்ன செய்ய?
சாக்பீஸால் வஞ்சிரத்தின் மேல் ஒரு கோடு இழுத்து
'சோயா' என்று எழுதினேன்.
அடித்தபின் மீன் இன்னும் பெரிதாய்த் தெரிந்தது.

சாயங்காலம் வலை கட்டிவிட்டு
இடுப்பில் மகளோடு வந்தான் அருளானந்து,
பதினெட்டு வருஷமாய்ப் படகு ஓட்டுகிறவன்.
பலகையைப் பார்க்கவில்லை.
முதல் வாய் மெல்லும்போதே
அவன் நாக்கு கன்னத்துக்குள் ஓரம் ஓரமாய்
எதையோ துழாவியது.
இரண்டாம் வாயிலும்.
"இன்னா மீனுக்கா இது? முள்ளே இல்ல?"

"எழுதிருக்கேன் பாரு."

பார்த்தான்.
கொஞ்ச நேரம் வாய் அசையவில்லை.
நான் பத்து ரூபாயைத் திருப்பித் தரத்
தகர டப்பாவைக்கூடத் திறந்துவிட்டேன்.

அவன் தட்டின் ஓரத்திலிருந்து
மொறுமொறுப்பான பக்கமாய்ப் பார்த்து
ஒரு துண்டு பிய்த்தான்,
ஊதினான்,
மகள் வாயில் வைத்தான்.

"முள்ளு பாத்து" என்றான்.