ஆட்டமில்லாத மாதம்

டிசம்பர் இருபத்தொன்று. மொராவியாவின் எங்கள் சிறுநகரச் சதுக்கத்துக்கு
நீலத் தொட்டிகளில் கெண்டைகள் வந்துவிட்டன.
ஒரு வால் அடித்தால் பூட்ஸில் தெறிக்கும் நீர்
தெறித்த இடத்திலேயே உறைகிறது.

டென்னிஸ் இல்லாத ஆறு வாரம்.
வெறும் வாய்க்கு அவல் போதும் என்பார்கள்,
எங்களுக்கு மூட்டையாகவே வந்து இறங்கியிருக்கிறது.

ஒல்ட்ரிச் ஆரம்பிக்கிறான்.
பாலைவனத்தில் காட்சி ஆட்டமாம்,
இரண்டு செட்டுக்கு ஒரு விமானத்தின் விலையாம்.
ஓய்வே இல்லை, முதுகு போயிற்று என்று
நவம்பரில் அழுதவன்தான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டானாம்.
"பணத்தைப் பார்த்ததும் வலி பறந்துவிட்டது."
"என் கிளினிக்கில் நேர்மாறு," என்கிறார்
பல் மருத்துவர் ஸ்டனிஸ்லாவா,
"பில்லைப் பார்த்த பிறகுதான் வலியே."

அடுத்து, எதிராளியிடம் தாவிய பயிற்சியாளர்.
நோட்டுப் புத்தகத்தையும் கொண்டுபோனாரா இல்லையா என்பதில்
வரிசை நான்கடி நகர்ந்துவிட்டது.

நான் பதினாறு வருடம் கோட்டுக்குப் பின்னால் நின்றவன்.
முழங்காலில் கை, இமைக்காத கண்.
வருகிற ஆண்டிலிருந்து எல்லாக் கோடுகளையும் கேமரா பார்த்துக்கொள்ளும்.
"அவுட்" சொல்ல ஒரு பெண்ணின் குரலைப்
பதிவு செய்திருக்கிறார்கள். சளி பிடிக்காத குரல்.
இந்தச் செய்தியை மட்டும் யாரும் எடுக்கவில்லை.
மரியாதை என்று வைத்துக்கொள்கிறேன்.

கடைசியில் அந்தப் பெயர் வந்தது.
இவோனா த்ரபால்கோவா.
பனிச்சறுக்கு அரங்கின் சுவரில்
மூன்றாள் உயரத்துக்கு நாங்கள் வரைந்துவைத்த முகம்.
செப்டம்பரில் சோதனை, அக்டோபரில் தடை.
தூக்க மாத்திரையில் ஏதோ கலந்திருந்ததாம்.

"நெருப்பில்லாமல் புகையுமா?" இது ஒல்ட்ரிச்.
"நீச்சல் குளத்தில் ஒரு கல் உப்பு, அவ்வளவுதான் அளவு," பல் மருத்துவர்.
"அந்த அமெரிக்காக்காரிக்கு ஒரு மாதம், இவளுக்குப் பதினாலு.
வக்கீல் விலை வித்தியாசம்," ரொட்டி வண்டி ரதிம்.
நானும் சும்மா இருக்கவில்லை.
"நூலளவு தொட்டாலும் தொட்டதுதான்," என்றேன்,
கோட்டைப் பற்றிச் சொல்வதுபோல.
அது அவளுக்குச் சாதகமா பாதகமா என்று
யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

அவளுக்குப் பதினான்கு வயதில் ஒரு மாவட்ட இறுதி ஆட்டம்.
ஒரு பந்தை அவுட் என்றேன்.
அவள் என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.
செம்மண்ணில் இருந்த தடத்தை யாரோ மிதித்துவிட்டார்கள்.
அது நானாகவும் இருக்கலாம்.

"எத்தனை கிலோ? போன வருஷம் சின்னதுதானே எடுத்தீங்க?"
மீன்காரன் கேட்கும்போதுதான்
வரிசையின் தலையில் நின்ற பச்சைக் கம்பளித் தொப்பி
அவள் அம்மா என்று தெரிந்தது.
இவ்வளவு நேரமும் அங்கேதான்.
நான்கடி தூரம்.

"பெரிசு. மூணு கிலோவாவது.
இவோனா வீட்ல இருக்கா.
இந்நேரம் ஆஸ்திரேலியா பறந்திருப்பா எப்பவும்.
பதினோரு வருஷத்துல இதுதான் முதல் கிறிஸ்துமஸ்."

"வெட்டித் தரவா, உயிரோடயா?"

யோசித்தார்.
"உயிரோடயே குடு. குளியல் தொட்டில விட்டு
ரெண்டு நாள் பாக்கட்டும். சின்ன வயசுல
பேர்கூட வைப்பா."

பையில் மீன் முட்டிக்கொண்டிருக்க எங்களைக் கடந்தார்.
ஒல்ட்ரிச்சுக்கு ஒரு தலையசைப்பு. மருத்துவருக்கும்.
எனக்கும்தான், ஆனால் கொஞ்சம் தாமதித்து.

பையிலிருந்து சொட்டிய நீர்
பனியில் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போயிற்று.
பழக்கதோஷம்:
குனிந்து பார்த்தேன்.

தெருமுனை திரும்பும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.
பிறகு ரதிம், மெல்ல,
"அந்த நோட்டுப் புத்தகம் இருக்கே..." என்றான்.

எனக்கு ஒன்றரை கிலோ.
வெட்டியே கொடு என்றேன்.