சி வரிசை, ஏழாம் நாற்காலி

திரையில் எண்பத்து நான்கு கட்டங்கள்.
பச்சை என்றால் காலி. சாம்பல் என்றால் விற்றது.
போன வருடம்வரை டெஸ்மண்டின் கறிக்கடைக் கல்லாவில்
ரப்பர் பட்டை போட்டுக் கிடந்தன டிக்கெட்டுகள்,
ஓரத்தில் கொழுப்புக் கறையோடு.
இனி எல்லாம் ஆன்லைன் என்று
சங்கம் கூடித் தீர்மானம் போட்டது.
கை தூக்காமல் இருந்தவள் நான் ஒருத்தி.
வேலை என் தலையில் விழுந்தது.

முதல் மூன்று நாள் ஈ ஓட்டினேன்.
நான்காம் நாள் டெஸ்மண்டின் மனைவி, இரண்டு.
பிறகு அவன் மச்சான்.
ஏவரிலின் அம்மா பின்னோக்கிய அம்பை அழுத்தி அழுத்தி
ஒரே நாற்காலியை மூன்று தடவை வாங்கப் பார்த்தாள்.
திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக்கொடுக்கும் ரங்கிமாரி
எட்டுப் பேரைப் பிடித்துக் கொடுத்தாள்,
எட்டும் அவள் ரத்தம்.

க்ளெனாரோ சின்ன ஊர்.
நியூசிலாந்தின் தென்கோடியில்
மழைக்கும் ஆட்டுக்கும் நடுவே
ஒரு நாடகம் போட்டால்
மேடையில் பாதி ஊர், எதிரே மீதி.
எந்தக் கட்டம் சாம்பலானாலும்
அந்த வீட்டு நாயின் பெயர்வரை எனக்குத் தெரியும்.

செவ்வாய் இரவு பதினொன்று நாற்பதுக்கு
சி-7 சாம்பலானது.
பெயர்: ஈ. ஷெர்க்.
ஓட்டிவிட்ட ஈக்களில் ஒன்று
திரும்பி வந்து உட்கார்ந்த மாதிரி.

ஒத்திகையில் சொன்னது என் தப்பு.
தீயணைப்புத் துறை ஆள் என்றான் ஒருவன்,
அவசர வழியில் அடுக்கியிருந்த பெயின்ட் டப்பாக்களைப் பார்த்தபடி.
டனீடினிலிருந்து வரும் விமர்சகர் என்றான் டெஸ்மண்ட்.
ஏவரில் ஒன்றும் சொல்லவில்லை,
அடுத்த நாள் முடி வெட்டிக்கொண்டு வந்தாள்.
மூன்றாம் அங்கத்தை இதுவரை
ஒப்புக்கு முணுமுணுத்தவன்
விலா எலும்பு வெட்டும்போதெல்லாம் வசனம் சொன்னான்.
அட்டைச் சுவருக்கு இன்னொரு பூச்சு.
யாருக்கும் மாமனாக இல்லாத ஒருவர்,
வராவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்கிற ஒருவர்,
பதினெட்டு டாலர் கொடுத்திருக்கிறார்.
எங்களுக்கு.

வெள்ளி மாலை ஆறு மணி.
கதவு திறக்க ஒரு மணி நேரம். தேநீர்க் கெண்டி கொதிக்கவில்லை.
மின்னஞ்சல் வந்தது:
'இங்கே இரவு இரண்டு. தூக்கம் வரவில்லை.
வண்டியை எங்கே நிறுத்துவது என்று வரைபடத்தில் தேடினேன்.
நான் இருப்பது ஒன்டேரியோவில் உள்ள க்ளெனாரோ.
நீங்கள் உலகத்தின் அடியில் இருக்கிறீர்கள்.
பணம் திரும்பக் கிடைக்குமா?
எல்வுட் ஷெர்க்.'

கப்பலேறிய யாரோ இரண்டு தம்பிகள்
விட்டுவந்த ஊரின் பெயரை
ஆளுக்கொரு கண்டத்தில் நட்டுத் தொலைத்திருக்கிறார்கள்.

திருப்பிக் கொடுத்தேன்.
சி-7 பச்சையானது.
பதினோரு விநாடி பச்சை.
அந்த நேரத்தில் ஏவரில் மட்டும்
போனைத் திறந்து பார்க்காமல் இருக்க வேண்டும்.
என் அட்டையை எடுத்து எண்ணைத் தட்டினேன்.
பெயர் என்ற இடத்தில் என் விரல்
ஈ. ஷெர்க் என்றே அடித்தது.

மேடை விளக்கு எரிந்தால்
மேலிருந்து முதல் வரிசைதான் தெரியும்.
அதற்கப்பால் இருட்டுக்குத்தான் நடிக்க வேண்டும்.
டெஸ்மண்ட் அன்று மூன்றாம் வரிசை இருட்டைப் பார்த்துப் பேசினான்,
ஒரு வார்த்தை விடாமல்.
ரங்கிமாரிக்கு வேலையே இல்லை, பின்னல் பின்னினாள்.

இரண்டாம் அங்கத்தில்
கால் கடுத்துப் போய் நான்தான் அங்கே உட்கார்ந்தேன்.
பத்து வருடமாகக் கதவோரம் நின்று
கதவையே பார்த்தவள்.
தட்டு கைநழுவி
முட்டைக்கோசு உருண்டு ஓடியபோது
என்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

முகப்பூச்சு பாதி அழிந்த டெஸ்மண்ட்
என்னை வழியில் மறித்தான்.
'அவர் சிரித்தாரா?'
சிரித்தார் என்றேன்.
'எங்கே?'
முட்டைக்கோசில்.
'அது தவறி விழுந்தது,' என்றான்.
பிறகு, 'நாளைக்கும் விழ வைக்கலாம்.'

ஞாயிறு கணக்குப் பார்த்தேன்.
முன்பதிவுக் கட்டணம் ஒன்று இருபது திரும்ப வராது.
அவருடையது ஒன்று, என்னுடையது ஒன்று.
எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியவில்லை.
அவரிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல், ஒரே வரி:
'நாடகம் எப்படி இருந்தது?'

இன்னும் பதில் போடவில்லை.
முட்டைக்கோசை எங்கிருந்து ஆரம்பிப்பது.