இருக்கை ஐம்பத்து நான்கு

வ்ரோத்ஸ்வாஃப் நிலையத்தில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்தவள் என் தாளைப் பார்த்தாள்:
நீலத்தில் ரயில், சிவப்பில் மாறும் இடம், பென்சிலில் சாப்பாடு.
"நாளை நவம்பர் ஒன்று," என்றாள்.
அதற்குமேல் விளக்கம் எதற்கு என்பதுபோல் முகம்.
செத்தவர்களைப் பார்க்க நாடே கிளம்பும் நாளாம்.
உட்கார இடமில்லை, வேண்டுமானால் நின்று போ,
ஷெஷூஃப் வரை, ஐந்து மணி நேரம்.

நின்றேன்.
கழிவறைக் கதவுக்கும்
யாரோ ஒருவருடைய மெழுகுவத்திப் பைக்கும் நடுவில்.

ஒப்போலே தாண்டியதும்
தபால்துறை மேல்சட்டையோடு ஒருவர் கைகாட்டினார்.
பக்கத்து இருக்கையில் செய்தித்தாள் விரித்து
ஒரு தொட்டி மஞ்சள் சாமந்தி.
அதற்கும் டிக்கெட் வாங்கியிருந்தார்.
"உட்கார். மடியில் வைத்துக்கொள்."

அப்படித்தான் நான்
தனுதா என்பவளின் பூவை
கத்தோவித்சே தாண்டி, கிராக்கோவ் தாண்டிச் சுமந்தேன்,
இலைகள் தாடையில் உரச,
தும்மலை அடக்கிக்கொண்டு.
பரிசோதகர் தொட்டியையும் என்னையும்
மாறிமாறிப் பார்த்தார்,
ஒரு டிக்கெட்டுக்கு ஓட்டை போட்டுவிட்டு நகர்ந்தார்.

"அவளும் இப்படித்தான். முன்பதிவே செய்யமாட்டாள்.
எப்படியோ இடம் கிடைத்துவிடும்."
ரிஷார்ட் பேசியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது.
இது புரிந்த பாதி.

தர்னூவில் இறங்கினார்.
தொட்டி போனதும் மடி சில்லிட்டது,
கால்சட்டையில் ஈரமண் வட்டம்.
தட்டிவிடாமல் தாளை எடுத்து
திரும்பும் தேதியைப் பார்த்தேன்:
நவம்பர் பதினொன்று.

எதிரில் இருந்த பெண்ணிடம் காட்டினேன்.
உதட்டைப் பிதுக்கினாள்.
அன்றும் விடுமுறையாம்.