யூ இல்லாத க்யூ

வியாழன் காலை, ஹவ்காங் டயாலிசிஸ் நிலையம்.
எனக்கு இடக்கையில் ஊசி,
சியாவுக்கு வலக்கையில்.
நடுவே சக்கர மேசை, ஸ்கிராபிள்.

க்யூ அவரிடம்தான்.
மூக்கைச் சொறிகிறாரே, தெரியாதா?
நான்கு யூவும் பலகையில் விழுந்தாயிற்று.
கடைசி யூவை வேண்டுமென்றே
'மட்' என்று சேற்றில் புதைத்தவன் நான்.

உயிர் ஏறாத மெய்
சொல்லுக்கு முதலில் வராது;
உமறுப்புலவர் பள்ளியில்
பிரம்படியோடு படித்தது.

இடக்கையால் இரண்டே வில்லை வைத்தார்:
க்யூ, ஐ.
"ச்சீ" என்றார்.
திட்டுகிறாரோ என்று நிமிர்ந்தேன்.
"எங்கள் சொல். மூச்சு, உயிர்."

தாதி ரோஸ்னா போனில் தேடினாள்.
"இருக்கு அங்கிள். செல்லும்."

உயிரில்லாத எழுத்து என்று
எண்ணிக் கிடந்தேனே.

அந்த ஐயைப் பிடித்து
மேலே சி, ஓ; கீழே ஆர்.
காயர். வெறும் ஆறு புள்ளி.
"இது எங்கள் பக்கத்துச் சொல், கயிறு."

"எதற்கு, கயிறு?"

கிணற்றில் நீர் இறைக்க என்றேன்.
எருமை மேல் வருகிறவன் பேச்சை
எடுக்கவில்லை.

இயந்திரம் ஒருமுறை கூவி அடங்கியது.
இன்னும் ஒன்றேகால் மணி நேரம்.
பையைக் குலுக்கி
என்னிடம் நீட்டினார்.