இடம் தொட்டால் வலம்

துறைமுக எடைமேடையில் ஆறு வருஷம்
காட் மீன்களின் கிலோவைக் குறித்த டேப்லெட்.
‘இக்கருவிக்கு இனி ஆதரவு இல்லை’ என்றது ஒருநாள்,
யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.
குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துப்போனாள் ஹ்ரெப்னா.

ஈசாஃபியோர்துரில் நவம்பர் முடிந்தால்
மலைக்கு மேலே சூரியன் ஏறாது.
வேறென்ன வேலை.

ஒரே ஒரு துளை அதற்கு.
பென்டிரைவைச் செருகினால் கீபோர்டுக்கு இடமில்லை,
கீபோர்டைச் செருகினால் சார்ஜருக்கு இடமில்லை.
கீழ்வீட்டு கெட்டிலிடம் ஹப் இரவல் வாங்கிவிட்டு
அவன் வாசற்பனியை அள்ளிப் போட்டாள்.

மூன்றாம் இரவு லினக்ஸ் ஏறியது.
தலைகீழாக.
படத்தை நிமிர்த்தினாள்;
விரலுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை.
இடம் தொட்டால் வலம் திறந்தது,
மூடப்போனால் வேறெதுவோ விரிந்தது.
“இப்படி ஒருத்தனோடு நாலு வருஷம்
குடித்தனம் செய்திருக்கிறேன்” என்றாள் என்னிடம்,
ராத்திரி ஷிப்டில், தராசைத் துடைத்தபடி.

ஒன்பது எண்கள்தான் தேவைப்பட்டன.
கழித்தல் ஒன்று, பூஜ்யம், ஒன்று
என்று போகும் ஒரு சிறு கட்டம்.
அதைத் தேடிப்போன கோப்பில்
முகமறியாத எவரோ எழுதியிருந்த குறிப்பு:
‘ஏன் என்று தெரியவில்லை. வேலை செய்கிறது.
தயவுசெய்து தொடாதீர்கள்.’
தொடுதிரைக்கு எழுதிய நிரலில்!
சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது.

பிறகும் கேமரா குருடு.
ஒரு பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் பேசும்.
தூங்கவைத்தால் எழாது.
கடவுச்சொல் கேட்கும் நேரத்தில்
திரைக் கீபோர்டு இன்னும் விழித்திருக்காது,
சாவியை உள்ளே வைத்துப் பூட்டிய வீடு.
போதும் என்று தோன்றவில்லையா என்றேன்.
காதில் வாங்கவில்லை.

ஜனவரி இருபத்தைந்து. சூரியக் காப்பி நாள்.
ஊரே பான்கேக் வாசனை.
அவள் சமையலறை மேஜையில் நான், கெட்டில்,
சட்னி டப்பா உயரத்துக்கு அடுக்கிய புத்தகங்களில் சாய்ந்து
அது.
மலையிடுக்கில் வெளிச்சம் எட்டிப் பார்த்தது,
ஜன்னலைத் தாண்டி மேஜைக்கு வந்தது.

திரை தானாகவே பிரகாசமானது.

“அந்தச் சென்சாரை நான் தொடவே இல்லையே” என்றாள்,
ஜாம் ஒட்டிய விரலை நீட்டி
இடப்பக்கம் தொட்டாள்.
இடப்பக்கம் திறந்தது.

பன்னிரண்டு நிமிஷம்.
சூரியன் மறைய, திரையும் மங்கியது.
பேட்டரி, மூன்று வாரமாகச் சொல்வதையே
அன்றும் சொன்னது:
நாற்பத்தொரு சதவீதம்.