ஒன்று புள்ளி மூன்று

யாரும் தாளை எடை போட்டதில்லை.
ஹெல்சின்கியில், நான்காம் மாடியில்,
ரைதா ருவோகோனன் இதைக் கண்டுகொண்டது
மூன்றரைக்கே இருட்டிவிடும் ஒரு நவம்பரில்.

தானியத்தைத்தான் எடை போட்டார்கள்.
ஆலை வாசலில் லாரியோடு ஒருமுறை,
வெறும் லாரியை ஒருமுறை.
வயலில் கிடந்த மிச்சத்துக்கு ஒரு பெருக்கல் போதும்:
ஒரு டன் ஓட்ஸுக்கு
ஒன்று புள்ளி மூன்று டன் தாள்.
எவரோ எழுதிவைத்த எண்.
அடுத்தவர் நகலெடுத்தார்.
அதற்கடுத்தவர் கோப்பின் பெயரை மட்டும் மாற்றினார்.

எதற்கு இந்தக் கணக்கு என்றால்,
உழுது புதைத்த தாள் ஈரத்தில் மக்கும்போது
மண்ணிலிருந்து ஒரு வாயு கிளம்பும்.
பல் பிடுங்கும் நாற்காலியில் தருவார்களே, அதே சிரிப்பு வாயு.
மேலே போனபின்
அதற்கு யாரும் சிரிப்பதில்லை.
நாடு நாடாகக் கணக்குக் கேட்கிறார்கள்.

அறுபது ஆண்டுக் கோடு திரையில் கிடக்கிறது.
தொடக்கத்தில் மேடு,
குதிரைகள் தின்றுகொண்டிருந்த காலம்.
பிறகு சரிவு.
டிராக்டர் ஓட்ஸ் தின்னாது.
கடைசியில் மெல்ல ஓர் ஏற்றம்,
நகரத்தார் காபியில் ஓட்ஸ் பால் ஊற்றத் தொடங்கியதும்.
நடுவில் ஒரு குழி.

குழிக்கு உரிய ஆண்டின் படிவங்கள்
நிலவறையில், கயிறு கட்டி.
செப்டம்பர் முழுக்க மழை.
நின்ற கதிரிலேயே மணி முளைத்துவிட்ட ஆண்டு.
கௌஹாவா வட்டாரக் கட்டில்
ஹெல்வி லுஹ்தாலா என்பவர்
பேனாவை அழுத்தி நிரப்பியிருந்தார்:

அறுவடை: பூஜ்யம்.
தாள்: எல்லாம்.

அதன்மேல் சிவப்பு முத்திரை: செல்லாது.
எண் கேட்ட கட்டத்தில் சொல் எழுதியதால்.

ரைதா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்துவிட்டாள்.
பூஜ்யத்தை ஒன்று புள்ளி மூன்றால் பெருக்கினால்
பூஜ்யம்.
விளையாத ஆண்டில் எச்சமும் இல்லை என்கிறது கோடு.
அந்த ஆண்டிலோ
விதைத்ததெல்லாம் எச்சம்.

தொலைபேசியை எடுத்தவன் மகன் யோர்மா.
"இப்போது கேட்டு என்ன, இழப்பீடு தரப் போகிறீர்களா?"
இல்லை என்றாள்.
"அறுக்க இயந்திரம் இறங்கவில்லை. அச்சு வரைக்கும் சேறு.
உறைந்தபின் உழுது புதைத்தோம்.
மண் அதைத் தின்று முடிக்க மூன்று கோடை ஆனது."
கொஞ்சம் பேசாமல் இருந்தான்.
"ஒன்று புள்ளி மூன்றா?
அப்போது பயிர் என் மார்பு உயரம்.
இப்போதைய ரகம் இடுப்பைத் தாண்டாது.
உங்கள் எண் மட்டும் குனியவே இல்லை போலிருக்கிறது."

ஆகஸ்டில் விடுப்பு எடுத்துக்கொண்டு போனாள்.
கத்தரிக்கோல், நான்கு குச்சி, நூல்,
குளியலறைத் தராசு.
ஒரு சதுர மீட்டர் வயலை
அரிதாள் குத்தக் குத்த மண்டியிட்டு வெட்டினாள்.
தராசு அவ்வளவு சின்ன எடைக்கு முள்ளை அசைக்கவில்லை.
யோர்மா வீட்டில் மீன் நிறுக்கும் தராசு இருந்தது.
ஒன்றுக்கு ஒன்றுகூட வரவில்லை.

ஹோக்கன், அவளுடைய மேலதிகாரி, நல்ல மனிதர்.
"இதை மாற்றினால் அறுபது ஆண்டும் மாறும்.
ஏன் என்று கேட்பார்கள்.
ஒரு சதுர மீட்டரையா காட்டுவாய்?"

நியாயம்தான்.

அன்று மாலை
குழிக்கு உரிய ஆண்டின் கட்டத்தில்
ஹெல்வியின் சொல்லைத் தட்டிப் பார்த்தாள்.
எண் மட்டுமே ஏற்கப்படும் என்றது திரை.
மறுபடி தட்டினாள்.
மறுபடி அதையே சொன்னது.

மேசைக்கடியில் காகிதப் பையில்
கௌஹாவா தாள்.
அறையெங்கும் மங்கலாக ஒரு மழைவாசம்.
இரவு துடைக்க வரும் மையெ
பையைக் காலால் தொட்டுப் பார்த்துக் கேட்டாள்:
"இது குப்பையா?"

"தெரியவில்லை" என்றாள் ரைதா.
"இன்னும் எடை போடவேண்டியிருக்கிறது."