கதவுக்குச் சொல்லாத அழுத்தம்

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பெட்டி.
நாலு வயர், ஒரு சொலினாய்ட் வால்வு,
இரண்டு முழம் நீலக் குழாய்,
ஜப்பான் எழுத்தில் எட்டாக மடித்த ஒரு தாள்.

"அக்கா, இதைப் பூட்டினா ஒண்டு தசம் ரெண்டு பார் வருமாம்."
சீனன்குடா மாவு ஆலையில் இரவு வேலை முடித்து
நேரே வந்திருந்தான் ஹஸ்மத். இமையில் இன்னும் மா.
எவ்வளவு கொடுத்தாய் என்றேன்.
"வீட்டில சொன்ன விலையா, சரியான விலையா?"

தாளை விரித்தேன். எழுத்துத் தெரியாது, படம் தெரியும்.
அநுராதபுரச் சந்தியில் எட்டு வருடமாக
ஸ்டாட்டர், டைனமோ, ஓட்டோவின் செத்த ஹோர்ன்.
இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.
பிடித்ததில் ஒரு வெட்கமும்.

ஏனென்றால் இது செய்வதெல்லாம் மறைப்பு.
டர்போவின் விலாவில் சின்னக் கதவொன்று உண்டு.
காற்று மிஞ்சினால் திறந்து
புகையை வேறு வழியால் அனுப்பிவிடும்.
கதவுக்குக் கண் இல்லை.
மெல்லிய குழாய் ஒன்று வந்து
இப்போது இவ்வளவு, இப்போது இவ்வளவு என்று
அதன் காதில் ஓதவேண்டும்.

அந்தக் குழாயை வெட்டி
நடுவே வால்வை வைத்தேன்.
நொடிக்கு முப்பது தரம் திறந்து மூடி
வருகிற செய்தியில் பாதியை வெளியே கொட்டிவிட்டு
மிச்சத்தை மட்டும் சொல்லும்.
கதவு நம்பும்.
நம்பி, மூடியே கிடக்கும்.

போன வெள்ளி கிளினிக் கொப்பியில்
மிஸ்ஸி எழுதியது நூற்று அறுபத்தெட்டு.
ஞானரூபனுக்கு நான் சொன்னது நூற்று நாற்பது.

இரவு பதினொரு மணி. சாம்பல்தீவுப் பாலம் தாண்டி
தாரின் சூட்டில் படுத்திருந்த மாடுகளும் முடிந்த பிறகு
"இப்ப மிதி" என்றேன்.
மூன்றாம் கியர். முள் ஏறியது.
இருக்கை என் முதுகைப் பிடித்துத் தள்ளியது.
ஒன்று. ஒன்று தசம் ஒன்று.
அங்கே கேட்டது,
தகர டப்பாவுக்குள் கச்சான் கொட்டினாற்போல.
"விடு! காலை எடு!"

தொண்ணூற்றைந்து அடித்தேன் என்று
உம்மா மேல் சத்தியம் செய்தவனின் டாங்கியில்
தொண்ணூற்றிரண்டு என்றது என் காது.
நான் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.
கடல் பக்கத்து இருட்டில் காரை நிறுத்தி
பொத்தானை அழுத்தி அழுத்தி
சைபர் தசம் எட்டு ஐந்துக்கு இறக்கினேன். பூட்டினேன்.
ஆனால் திரையின் மூலையில்
உச்சம் என்று பெட்டி நினைவு வைத்திருந்த
ஒன்று தசம் ஒன்று எட்டை
அழிக்காமல் விட்டேன்.
அவன் அதைப் படம் எடுத்தான். இரண்டு தரம்.

திரும்பி வரும்போது பஸ் நிலையத்துக்கு முன்னால்
ஐந்தாறு புள்ளிமான்கள், வீதியின் நடுவே.
காலை எடுத்தான்; கார் ப்ஷ்ஷ் என்று தும்மியது.
ஒரு கொம்பன் மட்டும் தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி லஞ்ச் ஷீட்டை மெல்லத் தொடங்கியது.
"பயமில்லையா இதுகளுக்கு?"
யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றேன்.

படலையைத் திறந்தேன்.
விளக்குப் போடாமல் குளிசையைத் தேடினேன்.
"எவ்வளவு?" என்றது உள்ளேயிருந்து
ஞானரூபனின் நித்திரைக் குரல்.
காசைக் கேட்டாரா, மற்றதையா,
மணியைத்தான் கேட்டாரா.

சைபர் தசம் எட்டு ஐந்து என்றேன்.